பளபளத்த பிரேக்

கண்ணாடிக்காரர் அந்தக் காரை வாங்கியதிலிருந்து வீட்டில் துணிக்குப் பஞ்சம் வந்துவிட்டது. பழைய பனியன், தலையணை உறை, மனைவியின் பருத்திச் சால்வை என்று தொட்டால் மெத்தென்று இருப்பதெல்லாம் காணாமல் போய், கார் ஷெட்டுக் கொடியில் போய்த் தொங்கின. வண்டியின் மேனிக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, தோல் சீட்டுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. யாராவது தெரியாமல் இடம் மாற்றி மாட்டிவிட்டால், மனுஷன் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆயுசு பூராவும் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடைக்கு வருகிறவர்கள் முகத்திலிருந்து கண்ணாடியை உரிமையோடு கழற்றி, "இதைப் போட்டுக்கிட்டு எப்படிங்க வீதியில நடமாடுறீங்க?" என்று திட்டிக்கொண்டே துடைத்துக் கொடுப்பார். ஒரு விரல் ரேகை கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் கையில் கறுப்பாக, நீளமாக, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு சொகுசுக் கார் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! கடையைக் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்தவுடன் வாங்கியது. இன்னொருவர் ஓட்டிய வண்டிதான். ஆனால் அதை அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

துடைத்த அளவுக்கு ஓட்டினாரா என்றால், அதுதான் இல்லை. வீதி முனை வரைக்கும் போவார், திரும்புவார், மறுபடி துடைப்பார். மழைத்தூறல் என்றால் அதுவும் கிடையாது.

அவர் மனைவி நாற்றுப் பண்ணை நடத்துகிறவர். வீதியில் எல்லாருக்கும் அவர் செடிக்காரம்மா. அவரிடம் ஒரு பழைய குட்டிக் கார் இருந்தது. அதில் மண் மூட்டை ஏறும், தொட்டி ஏறும், சில சமயம் மரமே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வரும். ஆனால் டயரில் காற்று, இன்ஜினில் ஆயில், பிரேக், விளக்கு எதிலும் குறை வைக்க மாட்டார்.

"ஏங்க, உங்க வண்டிக்கு ஒரு தொட்டில் கட்டிடலாமா? தாலாட்டு நான் பாடுறேன்" என்பார்.

"உனக்கென்ன தெரியும்? இது உன் மண்ணு வண்டி மாதிரி இல்ல. இதோட புஸ்தகமே தலையணை தடிமன் இருக்கு."

"அந்தத் தலையணையில எத்தனை பக்கம் படிச்சீங்க?"

வெளிப்புறப் பராமரிப்பு என்ற பகுதியை அவர் தலைகீழாக ஒப்பிப்பார். எச்சரிக்கைகள் என்று பெட்டி கட்டிப் போட்டிருந்ததெல்லாம் விவரமில்லாதவர்களுக்காக எழுதியது என்பது அவர் எண்ணம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடேயப்பா, கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே, நர்ஸ், காவலாளி, பக்கத்து அறை நோயாளி என்று ஆள் பாக்கியில்லாமல் அறிவித்துவிட்டார்.

"என் பேத்தி வீட்டுக்கு வர்றது என் வண்டியிலதான். வேற எதுலயும் ஏத்த விடமாட்டேன்."

மருமகனுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் போட்டிக்கு ஆளும் இல்லை. மகள் மட்டும் படுத்தபடியே விரல் நீட்டினாள். "வாங்கப்பா, வேண்டாம்னு சொல்லலை. ஆனா குழந்தைக்குன்னு இருக்கற சீட்டை முன்னாடியே மாட்டி வச்சிருக்கணும். பின் சீட்டுல, பின்பக்கம் பார்த்த மாதிரி. அசைச்சா அசையக் கூடாது. மடியில வச்சுக்கிட்டு எல்லாம் நான் வரமாட்டேன்."

"பின்பக்கம் பார்த்தா? புள்ள ரோட்டைப் பாக்க வேண்டாமா?"

"அவளுக்கு இப்ப என் மூஞ்சியே சரியாத் தெரியாது. ரோட்டைப் பார்த்து என்ன வழி சொல்லப் போறா? கழுத்து உறுதிப்பட ரெண்டு வயசாவது ஆகணும், அதுவரைக்கும் அப்படித்தான் உட்காரணும், டாக்டர் சொல்லிட்டாங்க."

மருமகன் வாங்கி வந்த சீட்டை மாட்டுவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழியாகிவிட்டார்கள். அவர் உள்ளேயிருந்து பெல்ட்டை இழுக்க, செடிக்காரம்மா வெளியிலிருந்து முழங்காலால் அழுத்த, "தோல் கீறிடப் போகுது, தோல் கீறிடப் போகுது" என்று அவர் அலற, ஒரு வழியாகச் சீட்டு இறுகி நின்றது. அசைத்துப் பார்த்தார், கார்தான் ஆடியது. அவருக்கு வாயெல்லாம் பல்.

அன்று இரவு நல்ல மழை. மறுநாள் காலையில் குழந்தையை அழைத்து வரவேண்டும். விடிந்ததும் ஷெட்டுக்குப் போன கண்ணாடிக்காரர், சக்கரத்தின் அருகே குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். வெள்ளி நிறச் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே, உள்ளே இருக்கும் பிரேக் டிஸ்க் என்கிற வட்டத் தகடு முழுக்கச் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. நாலு சக்கரத்திலும் அதே கதி.

மழை ஈரத்தில் எந்தக் காருக்கும் அப்படித்தான் லேசாகத் துரு பூக்கும். கிளம்பி இரண்டு தடவை பிரேக்கை மிதித்தால் உரசலில் தானே போய்விடும். இதெல்லாம் வண்டியை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இவர் துடைக்கிறவர் ஆயிற்றே! பேத்தி ஏறப்போகிற வண்டியில் துருவா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அலமாரியைத் திறந்தார். டயருக்கு மினுமினுப்புக் கொடுக்கிற ஸ்ப்ரே இருந்தது, நல்ல எண்ணெய்ப் பசை உள்ளது. கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, நாலு டிஸ்க்கிலும் தாராளமாக அடித்தார். துணியைச் சுற்றிய குச்சியால் தேய்த்தார். மறுபடி அடித்தார். கடைசியில் நாலும் கண்ணாடி மாதிரி மின்னின. இரண்டடி பின்வாங்கி நின்று தன் வேலையைத் தானே ரசித்தார், பாவம்.

காலைச் சாப்பாடு முடிந்து இருவரும் கிளம்பினார்கள். செடிக்காரம்மா மடியில் குழந்தைத் துணிப்பை. ஷெட்டிலிருந்து வீதிக்கு ஒரு சின்ன இறக்கம். வீதிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் மாடி கட்டுவதற்காக மணல் கொட்டி வைத்திருந்தார். வண்டி மெல்ல உருண்டது. வாசலில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கலாமென்று பிரேக்கை மிதித்தார்.

வண்டி நிற்கவில்லை.

"என்னங்க, வேகமாப் போறீங்க?"

"நான் போகலை, அதுவாப் போகுது!"

இரண்டு காலாலும் மிதித்தார். மிதி கல் மாதிரி இறுக்கமாக இருந்தது, சக்கரம் மட்டும் வெண்ணெயில் வழுக்குவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. நல்லவேளை, வீதியில் ஒரு ஈ காக்காய் இல்லை. கண்ணாடிக்காரர் நேராக மணலைப் பார்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பொத்தென்று சத்தம். காரின் மூக்கு மணலுக்குள் புதைந்தது.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "அண்ணே! மணல் வேணும்னா கேட்டிருந்தா நானே அள்ளிக் கொடுத்திருப்பேனே!"

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. செடிக்காரம்மா இறங்கிச் சேலையை உதறிக்கொண்டார்.

"நேத்துச் சாயங்காலம் நல்லாத்தானே நின்னுச்சு. காலையில என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. துடைச்சேன்."

"எதை?"

கண்ணாடிக்காரர் சட்டை நுனியால் கார்க் கதவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எதைன்னு கேட்டேன்."

"சக்கரத்துக்குள்ள... அந்த வட்டமா இருக்குமே."

செடிக்காரம்மா விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போய் அங்கே கிடந்த ஸ்ப்ரே டப்பாவைக் கையோடு எடுத்து வந்தார். அதைத் திருப்பிப் பின்னால் இருந்ததை உரக்க வாசித்தார். "பிரேக் பாகங்களின் மீது படக்கூடாது. பட்டால் வண்டி நிற்காது." டப்பாவை அவர் மூக்கருகே நீட்டினார். "ஊரையே உட்கார வச்சுப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்ன மகராசன் நீங்கதானே? இது கண்ணுக்குப் படலையா?"

தையல்காரர் சிரிப்பை அடக்க நாடாவின் நுனியைக் கடித்துக்கொண்டார்.

மெக்கானிக் பக்கத்திலேயே இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டார். பெருத்த ஆள், பெருத்த குரல். விரலால் டிஸ்க்கைத் தடவி முகர்ந்து பார்த்தார். "வாசனை பிரமாதம் சார்! வாசனைக்குக் குறையே இல்ல!" என்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மேட்டில் ஏற்றி, ஷெட்டுக்குள் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். "டிஸ்க்கைச் சுத்தம் பண்ணிடலாம். அதைக் கவ்விப் பிடிக்கற பேட் எண்ணெயைக் குடிச்சிருச்சு. குடிச்சதைக் கக்காது. புதுசு வரவழைச்சு மாட்டணும், நாளைக்குத்தான் ஆகும். அதுவரைக்கும் வெளியில எடுக்காதீங்க."

அவர் போனார். செடிக்காரம்மா மணல் ஒட்டிய சேலையை மாற்ற உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, வீட்டுக்குப் போகலாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. கிளம்பிட்டீங்களா? இவ உங்க வண்டிக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா, பாருங்க, கொட்டாவி விடுறா."

"இதோ வந்துட்டே இருக்கேம்மா" என்றார். வேறென்ன சொல்வார்?

போனை வைத்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டையை எடுத்தார். ஷெட்டுக்குள் இருந்த சமதளத்தில் ஒரு முழம் உருட்டி மிதித்துப் பார்த்தார். நின்றது! பின்னால் எடுத்தார், மிதித்தார். கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய், ஆனாலும் நின்றது. அவருக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. மெதுவாகப் போனால் போதாதா? ஆஸ்பத்திரி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? முன்னால் போகிற வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, ஓரமாக, நத்தை மாதிரிப் போய் வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஆஸ்பத்திரி வாசலில் தன் கறுப்புக் கார் வந்து நிற்பதை, காவலாளி எட்டிப் பார்ப்பதை, பேத்தியை ஏற்றுவதை எல்லாம் எத்தனை தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று! அந்த ஆசை அவரைப் பிடித்து உலுக்கியது.

கிளம்புவதற்கு முன் உள் கண்ணாடியைப் பார்த்தார். பின் சீட்டில் அந்தக் குட்டி இருக்கை தெரிந்தது. அதன் பட்டைகள் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதற்குள் அந்தக் கொட்டாவிக்காரி இருப்பதாக ஒரு கணம் நினைத்தார். எதிரே ஒரு பஸ் சட்டென்று நிற்பதாக நினைத்தார். கால் மிதிக்கிறது, வண்டி கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது.

சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

செடிக்காரம்மா புடவை மாற்றி வந்தபோது, கண்ணாடிக்காரர் காரின் பின் சீட்டில் தலைகீழாகக் கிடந்து குழந்தை இருக்கையின் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தோல் கீறுவதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"என்ன பண்றீங்க?"

"உன் வண்டிக்கு மாத்துறேன். நீதான் ஓட்டணும். சீக்கிரம் வா, புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

செடிக்காரம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, செய்யவில்லை. குட்டிக் காரின் பின் சீட்டில் கிடந்த காலி மண் சாக்கை எடுத்து வெளியே போட்டுவிட்டு, முழங்காலை ஊன்றினார். இந்த முறை இருக்கை சட்டென்று இறுகிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மகளும் மருமகனும் நின்றிருந்தார்கள். குட்டிக் கார் வந்து நின்றதும் மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா உங்க ராஜா வண்டி?"

கண்ணாடிக்காரர் ஒன்று விடாமல் சொன்னார். டிஸ்க், ஸ்ப்ரே, மணல், தையல்காரர் வரை. மருமகன் மாமனார் முன்னால் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகள் சிரித்துச் சிரித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"பிரேக் சுத்தமாவே பிடிக்கலையாப்பா?"

"இல்லம்மா. அப்புறம் எடுத்துப் பார்த்தேன். பாதி பிடிச்சுது. மெதுவா வந்திருக்கலாம்தான். வரணும்னு ரொம்ப ஆசையாவும் இருந்துச்சு." மகள் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "பாதிப் பிடியை நம்பி இவளை எப்படிம்மா ஏத்துவேன்?"

மகளின் சிரிப்பு நின்றது. அவள் அப்பாவை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து குழந்தையை அவள் யார் கையிலும் லேசில் கொடுத்ததில்லை. மருமகனே கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. இப்போது துணியோடு சேர்த்துத் தூக்கி, அவர் கையில் வைத்தாள்.

"பிடிங்க. நீங்களே உட்கார வைங்க. நீங்களே பக்கத்துல உட்காருங்க."

லென்ஸைப் பிடித்துப் பழகிய கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு அவர் வண்டிக்குள் குனிந்தார். குழந்தையை இருக்கையில் கிடத்தி, ஒவ்வொரு பட்டையாக மாட்டி, இறுக்கமா தளர்வா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தார். தலை சரிகிறதா என்று பார்த்தார். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. அதை அவர் துடைக்கவில்லை.

மருமகன் முன்னால் ஏறினார். மகள் குழந்தைக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டாள். செடிக்காரம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திரும்பாமல் கேட்டார்.

"புள்ளைக்குப் பெல்ட் போட்டாச்சா?"

"போட்டாச்சு. நல்லாப் பார்த்துட்டேன்."

"உங்களுக்கு?"

அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு தன் பெல்ட்டைத் தேடி மாட்டினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் செடிக்காரம்மா வண்டியை எடுத்தார்.