மஞ்சள் போஸ்டரில் ஒட்டிய ஸ்லிப்

வாசலில் வந்து நின்ற இரண்டு பேரையும் நான் முதலில் உள்ளே விடவில்லை. கையில் பை, முகத்தில் சிரிப்பு. இப்படி வருகிறவர்கள் ஒன்று எதையாவது விற்க வருவார்கள், இல்லையென்றால் எதிலாவது கையெழுத்து வாங்க வருவார்கள். ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்தப் போனேன். போஸ்டர் ஒட்டுகிறவர் வீடு இதுதானா என்று அந்தப் பெண் கேட்டார். அந்த வேலையை விட்டு இருபது வருஷம் ஆகிறது. சாத்திய கதவைப் பாதியில் நிறுத்தினேன்.

வந்தவர்களில் ஆண் பெரிய தாடி வைத்திருந்தார். ரயில்வேயில் உத்தியோகமாம். பெண் பல் டாக்டர். இருவரும் ஏதோ ஒரு வெளிநாட்டு ராக் இசைக்குழுவின் ரசிகர்கள். அந்தக் குழு பிற்பாடு உலகமெல்லாம் பேர் வாங்கியதாம். பேர் வாங்குவதற்கு முன்னால், முதன்முதலாகத் தன் நாட்டை விட்டு வெளியே வந்தது எங்கள் ஊருக்குத்தானாம். பதினாலாம் தேதி எங்கள் ஊர் மண்டபத்தில் வாசித்தார்கள் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. வாசிக்கவே இல்லை, அது ரத்து என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலத்துக்காகப் படித்தவர்கள் கம்ப்யூட்டரில் மாறி மாறித் திட்டிக்கொள்கிறார்கள். வேலையற்றவர்கள் என்று நினைத்தால் இவர்கள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதிலும் ஆளுக்கொரு கட்சி. ஒரே காரில் ஏறி, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்களாம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுக்கவில்லை. தாடிக்காரர் போனில் ஒரு படம் காட்டினார். யாரோ ஒருவன் புது ஸ்கூட்டர் வாங்கிய சந்தோஷத்தில் சுவரோரம் நின்று எடுத்துக்கொண்ட படம். பின்னால் சுவரில் ஒரு மஞ்சள் போஸ்டர், நான்கு ஜடாமுடிக்காரர்கள், அவர்கள் நெஞ்சுக்குக் குறுக்கே 'ரத்து' என்று ஒரு வெள்ளை ஸ்லிப்.

"ரத்துன்னு சுவத்துலயே ஒட்டியிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் தாடிக்காரர். அவர் 'ரத்து' கட்சி.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடது கைப்பழக்கம். நான் ஒட்டுகிற ஸ்லிப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். என் மச்சான் ஒட்டினால் தண்ணீர் மட்டம் வைத்தது போல நேராக இருக்கும். படத்தில் இருந்த ஸ்லிப் தூக்கிக்கொண்டு நின்றது.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். அப்போது எங்கள் கும்பலுக்கு மேஸ்திரி. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். எனக்கு அன்றைக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. அதனால் நிறத்தை வைத்துச் சொல்வார். சிவப்பு ஸ்டேஷன் பக்கம், நீலம் பாலத்துக்கு அந்தப் பக்கம், இப்படி.

அந்த வாரம் பச்சைப் போஸ்டர் ஒரு மேஜிக்காரருடையது. அவர் கால் முறிந்து, ஷோ ரத்தாகிவிட்டது. மச்சான் ஒரு கட்டு ஸ்லிப்பைக் கொடுத்து, பச்சை மேல் ஒட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். வழியில் சைக்கிள் செயின் கழன்றது. அதை மாட்டி, கையைத் துடைத்து, பசை வாளியைத் திரும்பத் தொங்கவிட்டுக் கிளம்பினால் என்ன நிறம் சொன்னார் என்பது மறந்துபோயிற்று. எதிரே மஞ்சள் இருந்தது. ஒட்டிவிட்டேன். ஊர் முழுக்க ஒட்டினேன்.

பதினைந்தாம் தேதி காலை எங்கள் போஸ்டர் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, மேஸ்திரி மஞ்சள் என்றுதான் சொன்னார் என்றேன். மச்சான் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். வாய் தவறியிருக்கும் என்று அவரே சொன்னார். அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மேஸ்திரியாகப் போகவில்லை. ஆள் வைத்து வேலை வாங்கும் இடமே வேண்டாம் என்று மில் வாசலில் வந்துபோகிற லாரி நம்பர் எழுதும் வேலைக்குப் போனார். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு கேரம் ஆட வருகிறார். டீ குடிக்கும்போது, சர்க்கரை வேண்டாம், சர்க்கரை வேண்டாம் என்பார். பிள்ளைகள் சிரிக்கும். நான் சிரித்ததில்லை.

இதெல்லாம் வந்தவர்களுக்குத் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது, தன் வாய்தான் தவறியது என்றே நம்பிக்கொண்டிருந்தார். தெரியாமலேயே நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் இருந்தேன்.

"ஒட்டினது நிஜம். ரத்தானது பொய்," என்றேன்.

கச்சேரி நடந்தது, நாற்காலி போடப் போயிருந்த நானே மண்டபத்துக்குள் இருந்தேன் என்று சொன்னேன். அறுநூறு நாற்காலி, பதினோரு பேர். நான்கு பேரும் ஒரு பாட்டையும் குறைக்காமல் வாசித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே இரைச்சல். பதினோரு பேரில் ஒரு பொண்ணு, பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று கைப்பையை வைத்திருந்தது. சுற்றி நாற்பது நாற்காலி காலி.

பல் டாக்டர் சிரித்துவிட்டார். "எங்கம்மாதான் அது. இப்பவும் பஸ்ல அப்படித்தான் வைப்பாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "அவங்க அன்னிக்கு அங்க இருந்தேன்னு எழுதினதுக்கு இருநூறு பேர் பொய்க்காரின்னு எழுதியிருக்காங்க ஐயா."

தாடிக்காரர் மசியவில்லை. பெரியவர் சொல்வதைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஞாபகம் சாட்சி ஆகாது, தேதி போட்ட காகிதம் வேண்டும் என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் என்னை நம்பமாட்டேன்.

தேதி போட்ட காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மச்சானின் டிரங்குப் பெட்டியில். அவரை வேலையை விட்டு எடுத்த கடிதம். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பல் டாக்டருடைய அம்மா பேரும் சுத்தமாகும், என் விஷயமும் மூடினபடி இருக்கும். கூட்டிக்கொண்டு போனேன்.

மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளி. பனியனோடு உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தார். "வாங்க மாப்ளே, வாங்க மாப்ளே," என்றார். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் உள்ளே போய்க் கடிதத்தைக் கொண்டுவந்தார். பாலிதீன் உறையில், மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். அதை எதற்கு இத்தனை வருஷம் வைத்திருக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தாடிக்காரர் வாசித்தார். பதினாலாம் தேதி மாலை நடைபெற்ற இசை நிகழ்ச்சிக்கு, மேஸ்திரியின் தவறான உத்தரவின் பேரில் ரத்துச் சீட்டு ஒட்டப்பட்டு, அதனால் பார்வையாளர் வராமல் போனபடியால், இத்தியாதி. 'நடைபெற்ற' என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பல் டாக்டரிடம், "உங்கம்மாகிட்ட நானே நேர்ல வந்து மன்னிப்பு கேக்குறேன்," என்றார். பெரிய மனுஷன்தான். பல் டாக்டர் கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். தாடிக்காரர் நோட்டைத் திறந்தார். குழுவின் சரித்திரத்தில் இதையும் சேர்க்கப் போகிறார்களாம், எந்த நாட்டுக்காரனும் படிப்பானாம், இன்னாருடைய தவறால் இப்படி ஆயிற்று என்று மேஸ்திரி பேரையும் போடலாமா என்று கேட்டார்.

"போட்டுக்குங்க, போட்டுக்குங்க. நடந்ததுதானே," என்றார் மச்சான்.

பேனா காகிதத்துக்குப் போனது.

"அவர் பச்சைன்னுதான் சொன்னார்," என்றேன்.

தாடிக்காரர் நிமிர்ந்தார். மச்சான் ரேடியோவின் ஒரு திருகாணியைக் கையில் வைத்திருந்தார். வைத்தபடியே இருந்தார். மிச்சத்தையும் சொன்னேன். செயின் கழன்றது, மறந்தது, எதிரே மஞ்சள் இருந்தது, மேனேஜரிடம் சொன்ன பொய். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்ன விஷயம் அது.

"திரும்பி வந்து கேட்டிருக்கலாம்ல?" என்றார் மச்சான்.

"உங்ககூட ஆளுங்க நின்னாங்க. ரெண்டாவது தடவை கேட்டா, படிக்கத் தெரியாத பயன்னு தெரிஞ்சு போகும்னு வெக்கமா இருந்துச்சு மச்சான்."

அவர் திருகாணியை ஒரு சோடா மூடிக்குள் போட்டார். தாடிக்காரரிடம் பேனாவை வாங்கினார். கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததைத் தடவிவிட்டு, என் முன்னால் வைத்தார்.

"எழுது," என்றார். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை ஒருமையில் சொன்னதில்லை.

அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான் என் வீட்டுக்காரி எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். திடீரென்று எதற்கு என்று கேட்காமல் சொல்லிக் கொடுத்தாள். மேஸ்திரி பச்சை என்றுதான் சொன்னார், நான்தான் மறந்து மஞ்சளில் ஒட்டினேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்று எழுதினேன். இடது கைப்பழக்கம், வரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"தேதி போடு."

"இன்னிக்குத் தேதியா, அன்னிக்குத் தேதியா?"

"ரெண்டும்."

போட்டேன். அவர் வாங்கிப் படித்துப் பார்த்து, தாடிக்காரரிடம் படம் எடுக்கக் கொடுத்தார். படம் எடுத்ததும் பழையபடி உறையில் போட்டு உள்ளே கொண்டுபோனார். பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போ," என்றார்.

இன்னொரு தடவை சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை.