தேவையில்லாத புள்ளிகள்

அக்கா டீ ஊற்றும்போது கெட்டிலின் மூக்கு கோப்பை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது.

“என்னக்கா, கை தந்தியடிக்குது?”

“உழைக்கிற கைடா. உன்னை மாதிரி மௌஸ் தடவியே பொழைக்கிற கைன்னு நெனச்சியா?”

அக்கா கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டுகிறாள். அவள் தூக்கும் இரும்புக் கட்டுகளுக்குக் கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள். போன வாரம் வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் தேறியிருந்தாள். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு திரையில் சுருள் கோடு வரையச் சொன்னார்களாம். கை நடுங்குகிறதா என்பதை டாக்டர் அந்தச் சுருளை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அதைச் சேமிக்கும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. கோட்டை இளைக்க வைப்பது அதில் என் வேலை. பேனா நகர நகரத் திரை புள்ளிகளாகக் கொட்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் கோப்பு கனத்துவிடும். அதனால் தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மனதுக்குள் ஒரு நூலைக் கட்ட வேண்டும். நூலைவிட்டு அதிகம் விலகிய புள்ளி இருந்தால் அதை வைத்துக்கொண்டு, அதற்கு இருபுறமும் மறுபடி நூல் கட்ட வேண்டும். விலகல் ஓர் எல்லைக்குள் இருந்தால் நடுவில் கிடப்பவை எல்லாம் குப்பை. உருவம் மாறாது. சாலை வரைபடங்களுக்கு வைத்திருந்த எல்லையையே இதற்கும் வைத்திருந்தோம். சுருள் அழகாக வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

டேப்லெட்டை எடுத்து, புள்ளிகளைக் கழிப்பதை நிறுத்திவிட்டு அவளிடம் நீட்டினேன்.

“ஒரு சுருள் போடு.”

“பாஸானவளுக்கு மறுபடி பரீட்சையா?” என்றாலும் போட்டாள்.

கோடு ரம்பப் பல்லாக வந்தது. எல்லையைக் கூட்டினேன். பற்கள் உதிர்ந்து சுருள் வழுவழுவென்று ஆனது.

“டாக்டர் பாத்தது இதைத்தான்.”

“ரெண்டுமே நான் போட்டதுதானே?”

“முதல்ல வந்தது நீ போட்டது. இது நாங்க கழிச்சதுபோக மிச்சம்.”

டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். எல்லையைத் தானே கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். பற்கள் முளைத்தன, உதிர்ந்தன. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ புது வண்டியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பவள் போல இருந்தாள்.

“திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லணும்க்கா. சொன்னா எல்லாரையும் மறுபடி வரையக் கூப்பிடுவாங்க. உன்னையும்.”

“சொல்லாட்டி?”

நான் டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

“வண்டியப் பறிச்சிட்டா நான் என்னடா பண்ணுவேன்? உன்கூட உக்காந்து புள்ளி பொறுக்கவா?” என்றாள். பிறகு, “வரையறப்போதான் நடுங்குது. லீவரைப் பிடிச்சா கை கல்லு மாதிரி நிக்கும். இங்க பாரு.”

எல்லையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். திரையின் நடுவில் பேனா முனையை ஊன்றினாள். நகர்த்தவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

முனைக்கடியில் ஒரு புள்ளி விழுந்தது. அதை ஒட்டி இன்னொன்று. மேலே ஒன்று, இடப்பக்கம் இரண்டு. சர்க்கரைத் துகளை எறும்பு மொய்ப்பதுபோல் ஒரு கறுப்புத் திட்டு கூடிக்கொண்டே வந்தது.

“ஒரே எடத்துலதானே வெச்சிருக்கேன்?”

“ஆமாக்கா.”

அவள் பேனாவை எடுக்கவில்லை. அந்தத் திட்டு இன்னும் எவ்வளவு தூரம் பரவும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.