மூன்றாம் ஓலை

1

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று. எனக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது நின்றுபோனது. தடை சொன்னவர் மாப்பிள்ளை. இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

என் பெயர் ஜெசி. பங்குத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதிக் கொடுக்கும் டீச்சர். இந்த வருஷமும் கேட்டார்கள். "காதல் நாடகமா, சிரிப்பா இருக்கட்டும் டீச்சர்." என் தலையெழுத்து.

2

முதல் தொடக்கம்: "கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பழுக்கும் காலத்தில் ஒரு காதல்..."

(அடித்துவிட்டேன். நாங்கள் காதலித்தது குமுளி மலைப்பாதையில், அவர் ஓட்டிய ஜீப்பில். முன் சீட்டில் நான், பின்னால் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள்.)

இரண்டாவது: "ராஜமணி என்ற டிரைவர் ஒருநாள் மலை வளைவில்..."

(ராஜமணி என்பது மாப்பிள்ளை சகாய பிரவீன். பெயரை மாற்றி என்ன பயன்? ஊருக்கே தெரியும்.) அந்த வளைவில் மூச்சு முட்டி, வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றே நினைத்தார். தேனியில் டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது, இது பயம் என்று மாத்திரை கொடுத்தார். அதன்பிறகு அவர் ஜீப்பைத் தொடவில்லை. எல்லாம் தெரிந்துதான் நான் சம்மதித்தேன்.

3

சாமியார்: என்னப்பா தடை? முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சா?
ராஜமணி: இல்ல சாமி.
சாமியார்: பொண்ணு நெருங்குன சொந்தமா?
ராஜமணி: அதுவும் இல்ல.
சாமியார்: பெறகு?
ராஜமணி: பயம் சாமி.
சாமியார்: உன் பயமெல்லாம் கோயில் சட்டத்துல இல்லையேப்பா.
ராஜமணி: கடைசில ஒரு வரி சேத்துக்கங்க சாமி.

ஒத்திகையில் இந்த இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

[பக்கக் குறிப்பு: ஓலை நின்றதும், பிரவீனுக்குக் குமுளியில் ஒரு பெண்டாட்டி இருப்பதாகப் பேச்சு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.]

4

என் ராஜமணி கோமாளியாக இருந்தான். நிஜத்தில் பிரவீன் இப்படியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டுவிடலாம் என்று பிரவீன் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா செபஸ்தியம்மாள் கதவைத் திறந்தார்.

"வா ஆத்தா. சோறு வச்சா திங்கமாட்டேங்கிறான். நீயாச்சும் பேசு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஏன் சாமிகிட்டப் போனீக?" என்றேன்.

பிரவீன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரெண்டு வாரமும் ஓலை வாசிக்கையில ஒவ்வொரு தலையா பாத்தேன் ஜெசி. யாரு எந்திரிச்சு, இவனுக்குக் கிறுக்குன்னு சொல்லுவாகளோன்னு. மூணாவது வாரமும் அங்கன உக்கார முடியாது. நானே சொல்லிட்டா முடிஞ்சிரும்ல?"

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

நாடகத்தைக் கொடுத்தேன். கடைசி வரை படித்தார்.

"சிரிக்கிறாகளா?"

"சிரிக்கிறாக."

"கடைசிப் பக்கத்தக் காணோமே?"

5

முடிவு அ: ராஜமணி பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறான். கைதட்டல். (பொய். ஜீப்பை விற்றாயிற்று.)

முடிவு ஆ: பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்... (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

முடிவு இ: பிரவீனே வந்து வாசிக்கச் சொன்னால் நாளைக்கு வாசிக்கிறேன், சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை. பிரவீன் இன்னும் போகவில்லை.

அதனால் நானே இங்கே வாசிக்கிறேன். செபஸ்தியம்மாள் மகன் சகாய பிரவீனுக்கும், இஞ்ஞாசிமுத்து மகள் ஜெசிக்கும் திருமணம். இது மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்.

வாசகரே, அவர் ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். உங்களுக்குத் தெரிந்த தடை பயம் ஒன்றுதான் என்றால், தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். அது எனக்கும் இருக்கிறது.