பசை வேண்டாம் என்றேன்

தேர்வு எழுதும் முன்பே, அதற்கான புத்தகத்தை மனசுக்குள் விற்றுவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மின் பொறியாளர் உரிமத் தேர்வில் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனால் செங்கல் கனத்தில் இருக்கும் அதில் வேண்டிய அட்டவணையைத் தேடியெடுப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் ஓரமெல்லாம் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

உரிமம் கிடைத்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை தயார். இல்லாவிட்டால், இப்போதுபோலவே எங்கோ தொலைவில் எழும்பும் துணைமின் நிலையத்தில் தகரக் கொட்டகையும் நானும். வார இறுதியில் மட்டும் வீடு. மகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சனிக்கிழமை அப்பா’.

ஸ்டிக்கர்களை ஒட்டிக் கொடுத்தது என் மனைவி. பல் மருத்துவமனை வரவேற்பில் இருப்பவள். வோல்ட்டும் வாட்டும் அவளுக்கு ஒன்றுதான். நான் பக்கத்தைச் சொல்லச் சொல்ல, அவள் ஒட்டினாள்.

“எர்த்திங்குக்குப் பச்சை, கேபிளுக்குச் சிவப்பு. பசை போட்டு ஒட்டிடட்டுமாங்க?”

“வேணாம்மா. பாஸ் பண்ணினதும் வித்துடலாம். பிச்சா சுத்தமா வரணும்.”

“அட கஞ்சப் பிசினாறி! மொதல்ல பாஸ் பண்ணுங்க.”

தேர்வறை வாசலில் கண்காணிப்பாளர் ஒரு சிவப்பை நகத்தால் நெருடினார். சமர்த்தாகக் கையோடு வந்துவிட்டது.

“பிச்சா வர்ற ஸ்டிக்கர் உள்ள வரக் கூடாது. கெட்டியா ஒட்டியிருந்தா பரவாயில்ல. அறிவிப்புல போட்டிருக்கே, படிக்கலையா?”

“மத்ததெல்லாம் படிச்சேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. அத்தனையையும் நானே பிய்த்தேன். ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை, வாங்குகிறவன் கொடுத்துவைத்தவன்.

உள்ளே எல்லாம் தெரிந்த கணக்குதான். அட்டவணையைத்தான் காணோம். சிவப்பு இருந்த இடத்துக்கு விரல் தானாகப் போய், வெறும் தாளைத் தடவிவிட்டுத் திரும்பியது. மணி அடித்தபோது கடைசிக் கேள்விகளை நான் படித்திருக்கவே இல்லை.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது.

“அப்பா, இனிமே திங்கக்கிழமையும் இருப்பியா?” என்றாள் மகள்.

மனைவியிடம் அப்போதுதான் நடந்ததைச் சொன்னேன். பைக்குள் ஒளித்துவைத்திருந்த ஸ்டிக்கர்களை எடுத்துக் கொடுத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக விரலில் ஒட்டிப் பார்த்தாள். தூசி படிந்து ஒன்றும் ஒட்டவில்லை.

“புதுசு வாங்கணும். பசையும்,” என்றாள்.

“அப்புறம் புத்தகத்த விக்க முடியாதே,” என்றேன், பழக்கதோஷத்தில்.

“விக்க வேணாம். நீங்க பஸ்ஸுக்குக் கிளம்புங்க, நேரமாச்சு.”