ஒரே விலை வச்ச குத்தம்

எங்க படகுத்துறைக்குப் போட்டி வேணும்னு யாரும் கேக்கல. கோலாலம்பூர்ல இருந்து பறந்து வந்து குடுத்துட்டுப் போனாங்க, புண்ணியவான்கள்.

இக்கரையில கம்பம்னு சொல்ற எங்க கிராமம், அக்கரையில டவுனும் ஆஸ்பத்திரியும். நடுவுல ஆறு, பாலம் கிடையாது. பத்துப் பன்னெண்டு மோட்டார் படகு, எதுல ஏறினாலும் ரெண்டு ரிங்கிட். வரிசையா முறை போட்டு ஓட்டுவாங்க. ஒருத்தன் சீக்குல படுத்துட்டா அவன் முறை விட்டுப்போகாது. பின்னால நிக்கிறவன் ஓட்டி, வந்த காசை அவன் வீட்ல குடுத்துருவான்.

அதுல ஒரு படகு எங்களோடது. அதை ஓட்டின என் வீட்டுக்காரர் போல்ஹாசானுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரம் மூணு தடவை அக்கரை போய் ரத்தம் சுத்தம் பண்ணணும். அந்த முறைக் காசுலதான் சோறு, மருந்து எல்லாம். சங்கத் தலைவர் மோர்னி அண்ணன் சாயங்காலம் வாசல்ல நின்னு கத்துவாரு: "சபினா, உன் புருஷன் படுத்துக்கிட்டே ரெண்டு நடை அடிச்சுட்டான் பாரு, கெட்டிக்காரன்!" பிச்சை மாதிரியே தோணாது. அந்த மனுஷனோட குணம் அப்படி.

ஒருநாள் போட்டி ஆணையத்துல இருந்து ஒரு பொண்ணு வந்தா; வியாபாரிங்க ஒண்ணு சேந்து விலை வைக்கிறாங்களான்னு பாக்குற சர்க்கார் ஆபீஸ் அது. ஹுஸ்னான்னு பேரு, சின்ன வயசு, மரியாதையான பொண்ணு. யாரோ எங்க மேல புகார் எழுதியிருக்காங்க, அது எங்களுக்குத் தெரியாது. அண்ணன் என்ன நினைச்சாரு தெரியுமா? ஒத்துமையான சங்கம்னு பரிசு குடுக்க வந்திருக்காங்கன்னு! என்னை எலுமிச்சை பிழிஞ்சு உமாய் கலக்கச் சொன்னாரு, வேக வைக்காத புது மீன்ல.

"எல்லாரும் ஒரே விலைதானா ஐயா?" அவ கேட்டா.

"ஒரு சென் காசுகூட முன்னப்பின்ன இருக்காது!" நெஞ்சை நிமித்துறாரு.

"யாராவது குறைச்சு ஓட்டினா?"

"ஓட்டிருவானா? மறுநாள் அவன் படகைக் கரையில ஏத்திருவோம்ல!"

"யார் எத்தனை நடைன்னும் நீங்களே முடிவு பண்ணுவீங்களா?"

"பின்னே? இதோ நிக்கிறாளே சபினா, இவ புருஷனால எழுந்து நடக்கவே முடியாது. அவன் முறைகூட ஓடுது!"

அந்தப் பொண்ணு என்னை ஒரு தடவை பாத்தா. அப்புறம் குனிஞ்சு எழுதினா. உமாயைத் தொடவே இல்ல.

தீர்ப்பு வந்துச்சு. ஒண்ணாச் சேந்து விலை வச்சது குத்தம், முறை போட்டுக்கிட்டது அதைவிடக் குத்தம். சங்கத்தைக் கலைக்கணும், அவனவன் இஷ்டத்துக்கு விலை வச்சு ஓட்டணும். மோர்னி அண்ணன் அன்னைக்குச் சாப்பிடல. "நம்ம வாயாலயே கெட்டோம்டி," அவ்வளவுதான் சொன்னாரு.

முறைக் காசு நின்னு போச்சு. நானே படகை எடுத்தேன். ஒருத்தன் ஒண்ணரைன்னான், இன்னொருத்தன் ஒண்ணுன்னான். ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு டீச்சரம்மா என் படகுல ஒரு காலை வச்சிருக்கு. பக்கத்துப் படகுல இருந்து மோர்னி அண்ணன், "இங்க எண்பது சென், வாங்க!"ங்கறாரு. அந்தம்மா காலை எடுத்துட்டுப் போயிருச்சு. அவர் என் முகத்தைப் பாக்கல. அவருக்கும் டீசல் போடணுமே. ஆனாலும் வயிறு எரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்பதான் ஜோஃப்ரி வந்தான். மரக்கம்பெனி காசு வச்சிருக்கவன். ரெண்டு பெரிய படகை இறக்கி அம்பது சென்னுக்கு, அதாவது அரை ரிங்கிட்டுக்கு ஓட்டினான். அதுல டீசல் செலவுகூடத் தேறாது. அவனுக்கு நஷ்டம் தாங்கும், எங்களுக்கு வயிறுல்ல இருக்கு? ஒவ்வொருத்தரா படகை அவனுக்கே வித்தோம். நானும் வித்தேன். ஆம்பளைங்களை டிரைவரா வச்சுக்கிட்டான், மோர்னி அண்ணனுக்கும் ஒரு நீலச் சட்டை. பொம்பளைக்கு வேலை இல்லைன்னுட்டான். நான் மார்க்கெட்ல மீன் செதில் சீவுறேன்.

கடைசிப் படகும் கை மாறின மறுவாரம் டிக்கெட் மூணரை ரிங்கிட் ஆச்சு.

ஹுஸ்னா குடுத்துட்டுப் போன நம்பருக்குப் போன் போட்டேன்.

"எங்க ரெண்டு ரிங்கிட்டுக்கு ஓடி வந்தியேம்மா, இவன் மூணரைக்கு வர மாட்டியா?"

"அக்கா, நீங்க எல்லாரும் பேசி வச்சு விலை போட்டீங்க. அவர் யார்கூடவும் ஒப்பந்தம் போடலையே."

"எப்படிடீ போடுவான்? ஒப்பந்தம் போட இங்க யாரு மிச்சம் இருக்கா?"

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"அம்பது சென்னுக்கு ஓட்டி உங்களை வேணும்னே விரட்டியிருந்தா அதுவும் தப்புதான்க்கா. புகார் எழுதிக் குடுங்க, விசாரிக்கிறோம். கணக்கெல்லாம் வாங்கிப் பாக்கணும், ரெண்டு வருஷம் ஆகலாம்." அப்புறம் மெதுவாக் கேட்டா, "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"நடக்க முடியாத மனுஷன், நானும் கூடப் போகணும். போக வர ரெண்டு பேருக்குப் பதினாலு ரிங்கிட். மூணு தடவை போக வேண்டியவரை ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன். அவர் காலைப் பாத்தா நீ பயந்துருவ, அப்படி வீங்கிக் கெடக்கு."

"அக்கா..."

"ரெண்டு வருஷம்னு சொன்னல்ல? விசாரி தாயி, நல்லா விசாரி. அவருக்கு ரெண்டு மாசம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."