வரைந்தவர் கட்டம்

…இதுவும் காலி, இதோடு மூன்றாச்சு, ஷெட்டின் கூரை, குறுக்கு வெட்டு, கழிப்பறை வரிசை, மூன்றும் நான் வரைந்தவை, கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் மட்டும் வி.டி. இல்லை, வேம்புலி மகன் துலுக்கானம் என்கிற நான் இல்லை, பிரிண்ட் எடுக்கிற அமோனியா வாடையில் கண் கரித்துத் தெரியவில்லையோ என்று ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன்… சுத்தமாக இல்லை. யார் வேலை இது? மூன்று மணிக்கு ஆபீஸ் முதலாளி, எங்கள் பெரியவர், இந்த பிரிண்டுகளைப் பார்த்துத்தான் தலைமை டிராப்ட்ஸ்மேன் யாரென்று சொல்லப்போகிறார், நானா குணசேகரனா, இரண்டே பேர், அவன் கட்டங்களில் மட்டும் கே.ஜி., கே.ஜி. என்று கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவன் பாலிடெக்னிக். நான்? அறுபத்திரண்டில் ஆவடியில் குவார்ட்டர்ஸ் கட்டியபோது அம்மா கூடை தூக்கினாள், நான் கலவை போட்டேன், மேஸ்திரி விரித்த பிளானை எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படிக்கப் பழகினேன், அப்புறம் இந்த அம்பத்தூர் ஆபீசில் பிரிண்ட் எடுக்கிற ஆள், அப்புறம்தான் வரைகிற போர்டு. போன வாரம் டீக்கடையில் சிரித்துக்கொண்டே கேட்டானே, “அண்ணாத்தே, நீ எந்த காலேஜு?” என்று… தெரியாமலா கேட்டான்?

நான் பென்சிலில் வரைவதைப் பார்வதம் மையில் டிரேசிங் துணியில் எடுப்பாள், அதிலிருந்துதான் பிரிண்ட், ஆக என் பென்சிலுக்கும் இந்தக் காலிக் கட்டத்துக்கும் நடுவில் இருப்பது அவள் கை ஒன்றுதான். குணசேகரன் தன் ஜெர்மன் பேனாவை அவளுக்கு இரவல் கொடுத்திருக்கிறான், சோழியன் குடுமி சும்மா ஆடுமா, இரண்டு பேரும் சேர்ந்துதான்… அதற்குள் அவளே டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். “இன்னாண்ணே, சாப்டாம பிரிண்ட்ட பாத்துகினு கீறீங்க?” என் இனிஷியல் எங்கே போச்சு என்று கேட்டேன், குரல் எனக்கே கோணலாகக் கேட்டது. அவள் முகம் மாறவில்லை, அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது, டிராயரிலிருந்து என் பென்சில் தாளை எடுத்து விரித்தாள். “எங்க கீதுன்னு நீங்களே காட்டுங்க.”

குனிந்தேன். சுவர்க் கோடெல்லாம் தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும் அழுத்தம். கட்டத்தில்… இருந்தது, ஊதினால் போய்விடும் போல் இரண்டு எழுத்து. அவள் இன்னும் இரண்டு தாள்களை எடுத்தாள், அவற்றிலும் அப்படியே. “வாணாம்னுதான் இப்டி எழுதறீங்கன்னு நெனச்சேண்ணே, ஒருவாட்டி கேட்டா தப்பா எடுத்துப்பீங்களோன்னு உட்டுட்டேன்.” கட்டத்துக்கு வரும்போது மட்டும் நான் பென்சிலை மாற்றுகிறேனா? எப்போதிலிருந்து? சுவர் தப்பானால் சுவரைத்தான் அழிப்பார்கள், பேர் இருந்தால் யாரிந்த வி.டி., எங்கே படித்தான் என்று கேட்பார்கள்… குணசேகரன் சிரித்துக் கேட்டதைப் பெரியவர் சிரிக்காமல் கேட்பார்.

“மணி ரெண்டுதான் ஆவுது, மையில போட்டுட்டு வேற பிரிண்ட் எடுத்துடலாம். போடவா?” ஜெர்மன் பேனாவைத் திறந்துவிட்டாள். இவ்வளவு நேரம் அவன்மேல் ஆத்திரப்பட எவ்வளவு சுலபமாக இருந்தது. போடு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், ஆனால் என் வாயிலிருந்து வந்தது, “பெருசா போடணுமா?”