ஹார்டனர் போட்டாச்சாம்

சின்ன அறைக்கு வெள்ளையைத் தவிர எந்த நிறமும் ஆகாது என்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்பவர் கட்டிய கணவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் இருவருமே பெயிண்டர்கள். அவர் கலப்பார், நான் அடிப்பேன். ரோலர் பிடிப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நான் அடித்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். சமையலறை, குளியலறை, மருந்துக்கடையின் பின்னறை என்று தண்ணீரும் கறையும் படுகிற சின்ன இடமென்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அங்கெல்லாம் நாங்கள் அடிப்பது எபாக்சி. டப்பாவைத் திறந்தோம், அடித்தோம் என்று போகிற சரக்கல்ல அது. பெரிய டப்பாவில் பெயிண்ட் வரும், சின்ன டப்பாவில் ஹார்டனர் வரும். இரண்டையும் கலந்தால்தான் சுவரில் இறுகி நிற்கும். இறுகிவிட்டால் எந்தக் கறையையும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் கலந்த பிறகு ஆற அமர அடிக்க முடியாது. நேரம் போனால் வாளியிலேயே சூடேறிக் கல்லாகிவிடும்.

இந்த முறை அறை என் நாத்தனாருடையது. கணவருக்கு ஒரே தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். முடி வெட்டுவதிலும் சாயம் போடுவதிலும் படு கெட்டிக்காரி. ஆனாலும் வீட்டுக்கு யாராவது வந்து, "எப்படிம்மா இருக்கே, அடுத்து என்ன செய்யப் போறே?" என்று கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் ஒரு பதில் சொல்வார், நான் ஒரு பதில் சொல்வேன். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள், "கடைத்தெருவுல ரூம் பாத்துட்டேன், பார்லர் வைக்கப் போறேன்" என்று வந்து நின்றாள். தையல் கடைக்கும் இஸ்திரி கடைக்கும் நடுவில் ஒரு பொந்து. இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்து, சுவர் கழுவ ஏற்றது என்று ஒப்புக்கொண்டால்தான் உரிமம். எதிர்வரிசை செல்போன் கடைக்காரர் அந்த அறை மேல் கண் வைத்து, டேப்பை எடுத்துவந்து அளந்துகூடப் பார்த்துவிட்டார். கட்டட உரிமையாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "திங்கக்கிழமை லைசென்ஸ் வரலேன்னா ரூமை அவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." அறை போனால் அவள் மறுபடியும் எங்கள் வீட்டு மூலையில்தான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

நிறத்தில் ஆரம்பித்தது வினை. இடுப்பளவுக்கு அடர்ந்த மயில் பச்சை, அதற்கு மேலே வெண்ணெய் நிறம், நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கோடு. சாயம் தெறிக்கிற இடம் கீழே, அங்கே அடர் நிறம். மேலே விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பினால் பொந்தும் அறையாகத் தெரியும். இதைத்தான் நான் சொன்னேன். பெயிண்ட் கடையில் வைத்து, கடைக்காரர் எதிரிலேயே, என் கணவர் சொன்னார்: "சின்ன ரூமுக்கு வெள்ளைதாங்க. இவளுக்கு அடிக்கத்தான் தெரியும், கலரைப் பத்தி என்ன தெரியும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "என் வாளியில இனிமே நீங்க கை வைக்க வேண்டாம், நானே கலந்துக்கறேன்" என்றேன். வாங்கி வந்தது நான் சொன்ன நிறங்களைத்தான். பேச்சு மட்டும் அன்றோடு நின்றுபோனது.

பேச்சு நின்றால் குடும்பம் நிற்குமா? நடுவில் நாத்தனார் ஓடினாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு."

"உன் அண்ணிகிட்ட சொல்லு, உப்பு இல்லேன்னு."

"உப்பு டப்பா கண்ணுக்கு எதிர்லதான் இருக்கு, கையும் இருக்குன்னு சொல்லு."

மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நடந்த உரையாடல் இது. அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியே கழுத்து சுளுக்கியிருக்கும்.

வியாழக்கிழமை சுவர் தயாராகிவிட்டது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமரும் அடித்துக் காய்ந்திருந்தது. எபாக்சியின் பளபளப்பு சின்ன மேட்டையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்திருந்தேன். அறைக்குள் இடமில்லாததால் டப்பாக்கள் எல்லாம் வாசலில். நான் வேண்டாமென்று சொல்லியிருந்தும், பழக்கதோஷத்தில் கணவர் வெளியே நின்று மெஷினால் பெயிண்டைக் கலக்கிவிட்டு, ஷட்டர் ஓரத்தில் டேப் ஒட்டப் போனார். நாத்தனார் வாளியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"ஹார்டனர் போட்டாச்சான்னு உங்க அண்ணனைக் கேளு."

வாசல் வரை போனாள், வந்தாள். "போட்டாச்சாம்."

அடுத்த வாளிக்கும் அதே கேள்வி, அதே பதில்.

அன்று ரோலர் வழுக்கிக்கொண்டு போன அழகை எப்படிச் சொல்வேன்! வழக்கமாகப் பாதிச் சுவருக்குள் பெயிண்ட் இறுகத் தொடங்கிக் கையை இழுக்கும். அன்றைக்கு அந்தப் பேச்சே இல்லை. "பாத்தியா என் கைராசிய!" என்று நாத்தனாரிடம் சத்தமாகச் சொன்னேன், வாசலில் இருப்பவர் காதிலும் விழட்டும் என்று.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினோம். பச்சை தகதகவென்று மின்னியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையோடு ஒரு விரலை வைத்தேன். விரலோடு பெயிண்டும் வந்தது. நேற்று எப்படி அடித்தேனோ அப்படியே பிசுபிசுவென்று இருந்தது. ஒரு கொசு வேறு ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது.

கணவர் சுவரில் சாயப் போவதைப் பார்த்து, "சாயாதீங்க!" என்று கத்தினேன். பேச்சை நிறுத்திய பிறகு நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதற்குள் அவர் சாய்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க மயில் பச்சை.

"ஹார்டனர் போட்டீங்களா இல்லையா?"

"பெயிண்டை மட்டும்தான் கலக்கினேன். ஹார்டனரை நான் எதுக்குப் போடணும்? நீதானே வாளியில கை வைக்காதேன்னே! நீயே போட்டுக்கோன்னு இவகிட்ட சொல்லி அனுப்பினேனே!"

ஹார்டனர் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தோம். இரண்டு சின்ன டப்பாக்களும் மூடி திறக்காமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

இருவரும் நாத்தனார் பக்கம் திரும்பினோம். அவள் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணா என்னவோ சொன்னான், நான் காதுலயே வாங்கல. நீங்க கேக்கச் சொன்னீங்க, நான் கேக்கவே இல்ல அண்ணி. வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். போட்டிருப்பான்னு நானா சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! உன் கடைடீ இது!"

"என் கடைதான். அதனாலதான் வயிறு எரியுது." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "உப்பு இல்லேங்கறதுலேர்ந்து சோப்பு தீந்துபோச்சுங்கறது வரைக்கும் நான்தான் சுமக்கணுமா? எனக்கு அலுத்துப்போச்சு. தப்பு என்னோடதுதான், எவ்வளவு வேணும்னாலும் அப்புறம் திட்டுங்க. இப்ப ரெண்டு பேரும் சுரண்டுங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டே சுரண்டுங்க. இனிமே ஒரு வார்த்தைகூட நான் கொண்டு போக மாட்டேன்."

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அந்த வாய் மேலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு பட்டித் தகட்டை எடுத்தேன். அவர் இன்னொன்றை எடுத்தார்.

இறுகாத எபாக்சியைச் சுரண்டுவதைப் போல் ஒரு நாறப் பிழைப்பு உலகத்தில் இல்லை. சுரண்ட வேண்டும், தின்னர் துணியால் துடைக்க வேண்டும், மறுபடியும் சுரண்ட வேண்டும்.

"தின்னர் எங்க?" என்றார்.

"உங்க காலுக்குப் பக்கத்துல."

கொஞ்ச நேரம் கழித்து நானே ஆரம்பித்தேன். "அன்னிக்குப் பெயிண்ட் கடைக்காரர் முன்னாடி அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க."

அவர் தகட்டைக் கீழே வைத்தார். "சொல்லியிருக்கக் கூடாது. காலையில ஷட்டரைத் தூக்கினதும் பாத்தேன், கலர் பிரமாதமா இருந்துச்சு. அதுவும் எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முதுகில் இருந்த பச்சையைப் பார்த்ததும் இன்னும் சிரித்தேன்.

சனிக்கிழமை புது டப்பாக்கள் வந்தன. "போட்டேன்!" என்று அவர் கத்த, "பாத்தேன்!" என்று நான் கத்த, தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். இந்த முறை ரோலர் கையை இழுத்தது. அந்த இழுப்பு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! ஞாயிற்றுக்கிழமை தட்டிப் பார்த்தேன், ணங்கென்றது.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத மனிதர். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்கு, சரி. தலைக்குப் போடற சாயம் பட்டா என்ன ஆகும்?" என்றார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். நானும் மூச்சை இழுத்துக்கொண்டேன். எபாக்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னிடம் விஷயம் இருந்தது.

நாத்தனார் எங்கள் இருவரையும் தாண்டி முன்னால் வந்தாள். கிண்ணத்தில் கறுப்புச் சாயத்தைக் குழைத்தாள். பிரஷ்ஷைத் தோய்த்து, வெண்ணெய்ச் சுவரின் நட்டநடுவில் பளிச்சென்று ஒரு கோடு இழுத்தாள். அடிப்பாவி, காய்ந்து முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லையே! அவள் அசையவில்லை. ஆய்வாளர் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாள். பிறகு ஈரத்துணியால் ஒரே துடைப்பு. சுவரில் ஒன்றுமில்லை.

ஆய்வாளர் கிட்டே போய்ப் பார்த்தார், நகத்தால் கீறியும் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். "கடை யாரோடது?"

"என்னோடது சார்."

"இவங்க?"

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் குறும்பு இருந்தது, குரலில் இல்லை.

"பெயிண்டர்ங்க சார். அவங்க வேலை முடிஞ்சுது."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சுரீரென்றது. அடுத்த நொடியே பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அவர் வாளியை எடுத்தார், நான் ரோலரை எடுத்தேன், இரண்டு பேரும் வாசலுக்கு வந்து நின்றோம். உள்ளே ஆய்வாளர் கேட்கக் கேட்க அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.